அம்மாவோடு ஆக்ஸ்போர்டில் இரண்டு இரவு

லண்டனில் இருக்கும் தம்பி ஒரே பிடியாக நின்றான். "ஆக்ஸ்போர்டெல்லாம் காலையில போய்ட்டு சாயங்காலம் திரும்பிரலாம்க்கா, அங்க போய் எதுக்கு ராத்தங்குறது?" அவன் பேச்சைக் கேட்காமல் இரண்டு இரவு தங்கினோம். அந்தப் பயணத்தில் நான் செய்த நல்ல முடிவுகளில் முதலாவது அதுதான்.

முதலில் யார் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். நானும் 66 வயது அம்மாவும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. அம்மா பிறந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் சாயர்புரம் பக்கம். எங்கள் மாமா படித்தது சாயர்புரம் போப் கல்லூரியில். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு.போப் 1840-களில் மிஷனரியாக இருந்து பள்ளி நடத்திய ஊர் அது. எனக்கு போப் என்றால் பாடப்புத்தகத்தில் வரும் தாடி வைத்த பெரியவர். அம்மாவுக்கோ அது ஊர்ப்பெயர் மாதிரி. அவர் கல்லறை ஆக்ஸ்போர்டில் இருக்கிறது என்று தெரிந்ததும், லண்டனில் வேறு எதைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் அதைக் காட்டிவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். (ஐரோப்பா சுற்றுகிறவர்கள் சிலர் ஷெங்கன் விசாவிலேயே இங்கிலாந்துக்கும் போகலாம் என்று நினைக்கிறார்கள். போக முடியாது. இங்கிலாந்துக்குத் தனி விசா, தனிக் கட்டணம்.)

தங்கும் இடத்தில்தான் முதல் அடி விழுந்தது. இணையத்தில் மலிவாகத் தெரிந்த ஒரு வீட்டு அறையைப் பதிவு செய்தேன். கடைசிப் பக்கத்தில் சுத்தம் செய்யும் கட்டணம், சேவைக் கட்டணம் என்று ஏறி, வாடகையில் பாதிக்கு மேல் கூடிவிட்டது. அதைவிட மோசம், வீடு இருந்தது நகரத்துக்கு வெளியே சுற்றுச்சாலை ஓரம். நாலு தடவை பஸ் ஏறி இறங்கினால் மிச்சம் பிடித்த காசும் போய்விடும், அம்மாவின் காலும் போய்விடும். ரத்து செய்ததில் கொஞ்சம் பணம் நஷ்டம்தான். அதன் பிறகுதான் தம்பியின் நண்பர் ஒருவர் சொன்னார்: மாணவர்கள் இல்லாத நாட்களில் கல்லூரிகளே தங்கள் விடுதி அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன.

ஆக்ஸ்போர்டில் வருடத்துக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றும் 8 வாரம்தான். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, அப்புறம் ஈஸ்டர் விடுமுறையில் அறைகள் காலி. நாங்கள் போனது ஜூலை தொடக்கம். நகரத்தின் நடுவே, பழைய கல் கட்டடத்துக்குள், காலை உணவோடு ஒரு அறை கிடைத்தது. ஊருக்குள் இருக்கும் சாதாரண ஓட்டல் வாடகையைவிடக் குறைவு. ஆனால் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று மாடி. இந்தப் பழைய கட்டடங்களில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. குறுகலான படிக்கட்டு சுற்றிச் சுற்றி மேலே போகும். நான் மின்னஞ்சலில் அம்மாவின் முழங்காலைப் பற்றி எழுதினேன், தரைத்தளத்தில் கொடுத்தார்கள். எழுதாமல் இருந்திருந்தால் மூன்றாவது மாடிதான். இன்னொன்று குளியலறை. விலை குறைந்த அறைகளுக்குக் குளியலறை பொது.

தங்க நினைப்பவர்களுக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னாலேயே இளைஞர் விடுதி ஒன்றும் இருக்கிறது. தனியாகப் போகிறவர்களுக்கு அதுதான் சரி. அம்மாவோடு போகிறவளுக்குப் பொது அறை சரிவராது.

லண்டன் விக்டோரியாவில் ஏறி, ஆக்ஸ்போர்டு டியூப் என்ற பெயருள்ள பஸ்ஸில் போனோம். பெயர்தான் லண்டன் பாதாள ரயிலைப் போல டியூப், ஆனால் சாதாரண நெடுந்தூர மாடி பஸ். ராத்திரி பகல் என்று எந்நேரமும் ஓடுகிறது. ரயில் ஒரு மணி நேரத்தில் போய்விடும். பஸ்ஸுக்கு ஒன்றே முக்கால் மணி, நெரிசல் இருந்தால் இன்னும் கூட. ஆனால் ரயில் டிக்கெட்டை அன்றைக்கு அன்றே வாங்கினால் விலை கையைச் சுடும். பஸ் மார்பிள் ஆர்ச், ஷெப்பர்ட்ஸ் புஷ் போன்ற இடங்களிலும் நிற்கும் என்பதால், லண்டனின் மேற்குப் பக்கம் தங்கியிருப்பவர்கள் விக்டோரியா வரை அலைய வேண்டியதில்லை.

அறை மதியத்துக்கு மேல்தான் தருவார்கள். பெட்டியை வைத்துக்கொண்டு எங்கே அலைவது என்று கவலைப்பட்டேன். கல்லூரி வாசலில் போர்ட்டர் அறை உண்டு. பெயரைச் சொன்னதும் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் போய் இறங்கியது திங்கட்கிழமை. இதை நான் யோசிக்கவே இல்லை. பிராட் தெருவில் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தின் படி வரை அம்மாவைக் கூட்டிப்போனேன், அன்று விடுமுறை. 1931-ல் ஐன்ஸ்டைன் ஆக்ஸ்போர்டில் சொற்பொழிவு நடத்தியபோது எழுதிய கரும்பலகையை அழிக்காமல் அங்கே வைத்திருக்கிறார்கள். மறுநாள் மதியம் திரும்பி வந்துதான் பார்த்தோம். ஊர் ஊராகக் கிடைத்த பொருட்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் நெருக்கி நெருக்கி அடுக்கியிருக்கும் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகமும் திங்களன்று பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கிறது. கல்லூரிகளிலும் பலவற்றில் வெளியாருக்குப் பிற்பகலில் மட்டும்தான் அனுமதி. இந்த நேரக்கணக்கை இரவே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும். எங்களுக்கு முதல் நாள் அரை நாள் அப்படித்தான் வீணானது.

இனி காசு விஷயம். ஆக்ஸ்போர்டில் முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் சேர்ந்துதான் பல்கலைக்கழகம். 'பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் ஊரையே கையைக் காட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி மதில், தனி வாசல், பலவற்றில் தனி டிக்கெட். ஹாரி பாட்டர் படத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்மாதிரியாக இருந்த கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குள் போக ஒரு ஆளுக்கு 15 பவுண்டுக்கு மேல். ஒரு பவுண்டு என்றால் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கும் மேல். நாலு கல்லூரிக்கு டிக்கெட் எடுத்தால் ஒரு இரவு வாடகையே போய்விடும். "வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போவம்ட்டி, துட்டு எதுக்கு?" என்றார் அம்மா. பெரும்பாலும் அப்படித்தான் செய்தோம். கல்லூரி வாசல்கள் திறந்தேதான் இருக்கும்; நிலைக்கு வெளியே நின்றாலே உள்ளே வெட்டிவிட்ட பச்சைப் புல்லும் சதுர முற்றமும் தெரியும்.

ஆனால் நகரத்தின் பெரிய பெரிய விஷயங்களுக்கு டிக்கெட்டே இல்லை. ஆஷ்மோலியன் இலவசம். 1683-ல் திறந்தது, பிரிட்டனில் பொதுமக்களுக்குத் திறந்த அருங்காட்சியகங்களில் மிகப் பழையது. லிஃப்ட் உண்டு, உட்கார இருக்கை உண்டு, கழிப்பறை உண்டு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இந்த மூன்றும் எவ்வளவு முக்கியம் என்று போனால்தான் தெரியும். 1605-ல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்கப் போய்ப் பிடிபட்ட கை ஃபாக்ஸின் லாந்தர் விளக்கு அங்கே இருக்கிறது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இலவசம். இரும்புத் தூண்களும் கண்ணாடிக் கூரையுமாக ரயில் நிலையம் போல இருக்கும். அழிந்துபோன டோடோ பறவையின் தலையும் காலும் பாதுகாக்கப்படுவது அங்கேதான். அதன் பின்கதவு வழியாகத்தான் பிட் ரிவர்ஸுக்குள் போக வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். போட்லியன் நூலகத்தின் உள் அரங்குகளுக்குக் கட்டணம். எதிரே இருக்கும் வெஸ்டன் நூலகத்தில் அவர்களுடைய சேகரிப்பிலிருந்தே எடுத்து வைக்கும் கண்காட்சி இலவசம். மழை வந்தால் ஒதுங்க நல்ல இடம்.

உயரத்தில் ஏறி ஊரைப் பார்க்கச் சொல்லி எல்லாரும் காட்டுவது புனித மேரி தேவாலயக் கோபுரம். 127 படி, கட்டணமும் உண்டு, மேலே போகப் போகக் குறுகும். அம்மாவால் முடியாது. கடைத்தெருக் கோடியில் வெஸ்ட்கேட் வணிக வளாகத்தின் மொட்டை மாடிக்கு லிஃப்ட்டில் போகலாம், காசு கேட்பதில்லை. கோபுரங்களையெல்லாம் அங்கிருந்தே எண்ணினோம். புனித மேரி தேவாலயத்துக்குள் மட்டும் இலவசமாகப் போய் உட்கார்ந்து வந்தோம். ஆக்ஸ்ஃபாம் என்ற நிவாரண அமைப்பு தொடங்கியது 1942-ல் அந்தத் தேவாலயத்தின் பழைய நூலக அறையில் நடந்த ஒரு கூட்டத்தில்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் கல்லூரிக் கூடத்தில் நீள மேசையில் உட்கார்ந்து, சுவரில் தொங்கும் பெரியவர்களின் ஓவியங்களுக்குக் கீழே, முட்டையும் வறுத்த தக்காளியும் காளானும் பீன்ஸும் வயிறாரச் சாப்பிட்டால் மதியம் லேசாகப் போதும். பல்பொருள் அங்காடிகளில் சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் மூன்றும் சேர்த்து நாலு பவுண்டு சுற்றி 'மீல் டீல்' என்று கிடைக்கும். அறையில் கெட்டில் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன உப்புமா மிக்ஸில் கொதிநீர் ஊற்றி ஒரு இரவைக் கழித்தோம். பால், இறைச்சி சேர்ந்த பொருள்களை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, அதனால் நெய்ப் பலகாரங்களை எடுக்கவில்லை. சோறு இல்லாமல் அம்மாவுக்கு இரண்டாம் நாள் முகம் வாடிவிட்டது. பஸ் ஏறி மாக்டலன் பாலம் தாண்டி கௌலி ரோட்டுக்குப் போனோம். மாணவர்களும் பல நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் புழங்கும் தெரு அது. நம்மூர் மளிகை, மசாலா வாசனை, மத்திய நகரத்தைவிடக் குறைந்த விலை. ஓட்டலில் தண்ணீர் கேட்டால் குழாய்த் தண்ணீர் என்றே கேளுங்கள். காசு இல்லாமல் கொடுப்பார்கள். வெறுமனே தண்ணீர் என்றால் விலைக்கு விற்கும் பாட்டில் வந்துவிடும்.

இப்போது தம்பியோடு நான் வாதாடிய விஷயத்துக்கு வருகிறேன். பகல் பதினோரு மணிக்கு ஆக்ஸ்போர்டு தெருக்களில் நடக்கவே முடியவில்லை. கொடி பிடித்த வழிகாட்டிகள், அவர்கள் பின்னால் கூட்டம் கூட்டமாகப் பயணிகள், ராட்கிளிஃப் கேமரா என்ற நூலகக் கட்டடம் நிற்கும் சதுக்கத்தில் படம் எடுக்க வரிசை. ஒரு நாள் பயணமாக வருகிறவர்கள் பார்ப்பது இந்த ஆக்ஸ்போர்டைத்தான், அதுவும் டிக்கெட் வாங்கி. அடுத்த நாள் காலை ஆறரைக்கு நாங்கள் அதே சதுக்கத்துக்குப் போனபோது ஒருவரும் இல்லை. தேன் நிறக் கல்லில் வெயில் விழத் தொடங்கியிருந்தது. வட்டமான அந்த நூலகக் கட்டடத்தை அம்மா மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், கோயில் பிராகாரம் போல. தரையில் உருண்டைக் கற்கள். நடக்கும்போது கால் மடங்கும், நல்ல செருப்பு வேண்டும். பால் வண்டி மாதிரி ஒரு சின்ன வண்டி வந்து எங்கோ சரக்கு இறக்கியது. அந்த ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

ராத்திரியும் அப்படித்தான். ஜூலையில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். கிறைஸ்ட் சர்ச் வாசல் கோபுரத்தில் டாம் என்று ஒரு பெரிய மணி. தினமும் இரவு 9.05-க்கு 101 முறை அடிக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கல்லூரியில் இருந்த 101 மாணவர்களுக்குக் கணக்கு. அது என்ன ஐந்து நிமிடம்? கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் ஆக்ஸ்போர்டில் சூரியக் கணக்குப்படி ஐந்து நிமிடம் பிந்திதான் ஒன்பது மணி ஆகும். ரயில் வந்து நாடு முழுக்க ஒரே நேரம் ஆன பிறகும் அந்த மணி தன் பழைய நேரத்தை விடவில்லை. எதிர்ச்சுவர் ஓரம் நின்றுகொண்டு அம்மா விரலை மடக்கி மடக்கி எண்ணினார். எனக்கு எழுபதுக்கு மேல் கணக்குத் தவறிவிட்டது. அம்மாவுக்குத் தவறவில்லை. நூற்றி ஒன்றுதான்.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு அதே கிறைஸ்ட் சர்ச்சுக்குள் டிக்கெட் இல்லாமல் போனோம். கல்லூரிக்குள் இருக்கும் தேவாலயம்தான் ஆக்ஸ்போர்டு மறைமாவட்டத்தின் பேராலயமும். அங்கே மாலை ஆராதனைக்கு யாரும் போகலாம், கட்டணம் இல்லை. வாசலில் நிற்பவரிடம் ஆராதனைக்கு வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும். விடுமுறை மாதங்களில் வேறு ஊர்ப் பாடகர் குழுக்கள் வந்து பாடுவார்கள். எந்த நாளில் பாட்டு உண்டு என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆராதனை என்பதை மறந்து இலவசச் சுற்றுலாவாக நினைத்துப் போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து வரக் கூடாது.

பாடகர்கள் எதிரெதிராக நின்றார்கள். பைபிளின் சங்கீதம் பாடி முடிந்தது, அதிலிருந்தே முதல் பாடம் வாசித்தார்கள், எல்லாரும் எழுந்தார்கள். என்ன பாடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் அம்மாவின் உதடு அசைந்தது. "என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சாயர்புரத்தில் சின்ன வயதில் தாத்தாவோடு கோயிலுக்குப் போய், ஜெபபுத்தகத்தைப் பார்த்துச் சொன்ன அதே மாலை ஆராதனை. மரியாளின் பாட்டு, இரண்டாம் பாடம், சிமியோன் பாட்டு, விசுவாசப் பிரமாணம் என்று அடுத்து என்ன வரும் என்பதை எனக்கு அம்மாதான் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாத அம்மா அந்த முக்கால் மணி நேரமும் எங்கே எழுவது, எங்கே உட்காருவது என்று ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. வெளியே வந்ததும், "நம்ம ஊர் ஆராதனைதான்ட்டி, ராகம்தான் வேற" என்றார்.

கட்டணம் கொடுத்து உள்ளே போன ஒரே கல்லூரி பேலியல். அதற்குச் சில பவுண்டுகள்தான். எல்லாக் கல்லூரியையும் பார்க்க ஆசைப்படாமல், நமக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிற ஒன்றைப் பார்த்தால் கொடுத்த காசு உறுத்தாது. எங்களுக்குக் காரணம் போப். இந்தியாவில் நாற்பது வருடம் கழித்துவிட்டுத் திரும்பி, 1884 முதல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். பேலியலில் ஆலய குருவாகவும் இருந்தார். அந்த ஆலயத்தின் வெளிச்சுவரில் வெள்ளையும் செம்மையுமாகக் கல் பட்டைகள். அதற்கு அப்பால் தோட்ட முற்றம், பெரிய மரங்கள். பேலியல் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவெட் இந்த முற்றத்தில் போப்போடு நடந்தபடி, திருவாசக மொழிபெயர்ப்பை அச்சிடச் சொல்லி வற்புறுத்தினாராம். முடிக்கும் வரை உயிரோடு இருப்பேனோ என்று போப் தயங்க, பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும் வரை இருப்பீர் என்று ஜோவெட் சொல்லியிருக்கிறார். இதை போப்பே முன்னுரையில் எழுதியிருக்கிறார். 1900-ல் தன் எண்பதாவது பிறந்தநாளில் தேதியிட்ட முன்னுரை அது. இந்தக் கதையை அந்த மரங்களுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொன்னேன்.

புதன்கிழமை காலை வால்டன் தெருவில் நடந்தோம். ஜெரிகோ என்ற பகுதி, பயணிகள் கூட்டம் குறைவு. தெருவில் முதலில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வருகிறது. போப்பின் நாலடியார் 1893-லும் திருவாசகம் 1900-லும் வெளிவந்தது இவர்களுடைய கிளாரண்டன் பிரஸ் பெயரில்தான். இன்னும் கொஞ்சம் நடந்தால் புனித செபல்கர் கல்லறைத் தோட்டம். தெருவிலிருந்து பார்த்தால் கல்லறை எதுவும் தெரியாது. வளைவு வாசலைத் தாண்டி, இருபுறமும் மரம் நிற்கும் பாதை வழியாக உள்ளே போக வேண்டும். நாங்கள் வாசலைக் கவனிக்காமல் ஒருமுறை தாண்டியே போய்விட்டோம். எந்தக் கல்லறை என்று வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். உள்ளே நூற்றுக்கணக்கான கற்கள், பல சாய்ந்தவை, எழுத்து மங்கியவை. நுழைய கட்டணம் இல்லை. ஜோவெட்டும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று கல்லில் எழுதியிருக்கும் என்று அம்மாவுக்கு மாமா சொல்லி அனுப்பியிருந்தார். நானும் அப்படித்தான் பள்ளியில் கேட்டிருக்கிறேன். கல்லில் அந்த வரி இல்லை. குனிந்து ஒவ்வொரு வரியாக வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பெயர், அதன் கீழே தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று. பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர். பேலியல் கல்லூரி குரு. பிறந்தது 1820 ஏப்ரல் 24, இறந்தது 1908 பிப்ரவரி 11. அப்புறம், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை வைத்தார்கள் என்று இருந்தது.

"தமிழ் நண்பர்கள்னா யாரு?" என்றார் அம்மா.

"பேர் போடலம்மா."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சேலை முந்தானையால் கல்லின் மேல் விளிம்பில் கிடந்த சருகைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் நின்றார். "என்னையும் சேத்து ஒரு படம் எடு. அண்ணனுக்கு அனுப்பணும். அந்த எழுத்து நல்லாத் தெரியணும், பாத்துக்கோ."

மூன்று படம் எடுத்தேன். மூன்றாவதில் எழுத்து தெரிந்தது.